புல் உலர்த்தும் யந்திரம் யாருக்காக?

யந்திரத்தைக் கண்டு அஞ்சுவது முற்போக்காளரின் வேலையன்று. முதுகெலும்பை முறிக்கும் உழைப்பிலிருந்து மனிதனை விடுவிக்கும் எந்தக் கருவியையும் நாம் வரவேற்கிறோம். ஆயினும் யந்திரமொன்று வயலுக்குள் நுழையும்போது, அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று மட்டும் கேட்டு நின்றுவிடுவோமாயின், நாம் கேட்டது யந்திர வியாபாரியின் கேள்வியே ஆகும். அது எவர் கையில் இருக்கிறது, எதைத் தின்று ஓடுகிறது, அதன் பயன் எவர் வீட்டுக்குப் போகிறது, அதன் செலவு எவர் தலையில் விழுகிறது என்பனவே மக்களின் கேள்விகள். பெரும் பண்ணைகளில் புல்லை உலர்த்தும் யந்திரத்தைப் பற்றி அக்கேள்விகளையே இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

புல்லைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் என்ன பேச்சு என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பாலும் வெண்ணெயும் இறைச்சியும் புல்லிலிருந்தே பிறக்கின்றன. இன்று கடல்கடந்து விற்கப்படும் புல்லுக்குள் எண்ணெயும் ஆற்றுநீரும் பொதுப்பணமும் ஒளிந்து கிடக்கின்றன. ஒளிந்து கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது எழுத்தாளனின் கடமையெனில், புல்லும் நமக்கு உரிய பொருளே.

எதிர்த்தரப்பாரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துக்கொள்வோம். உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. வைக்கோல் என்பது கதிரை எடுத்தபின் எஞ்சும் சத்தற்ற தாள். உலர்புல்லோ, பச்சையாக, இளமையாக, சத்து நிறைந்திருக்கும் பருவத்திலேயே அறுத்துக் காயவைத்த தீவனம். புதிதாக அறுத்த புல்லில் 75 முதல் 80 வீதம் வரை நீரே. கெடாமற் சேமித்து வைப்பதற்கு அந்நீர் ஏறத்தாழ 15 வீதத்துக்கு இறங்கவேண்டும். வெயில் காய்ந்தால் சில நாட்களில் இது நிகழும். இடையில் மழை பெய்தால் சத்துக் கரைந்து ஓடும். ஈரம் போகுமுன் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றிக் களஞ்சியத்தையே எரித்துவிடுவதும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருமளவிற் பயிராகும் குதிரைமசால், அதாவது அல்பல்பா, இன்னும் தொல்லையானது. அதன் இலை தண்டுக்கு முன்பே காய்ந்துவிடும். காய்ந்த இலை, புல்லைப் புரட்டும்போது நொறுங்கி மண்ணில் உதிரும். அத்தாவரத்தின் புரதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இலையிலேதான் இருக்கிறது. எனவே வயலில் உதிர்வது இலையன்று, பால்.

இதனோடு மனிதனின் நுரையீரலும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கிளறும் தொழிலாளர்க்கு மூச்சுத்திணறலும் காய்ச்சலும் உண்டாவதை 1932 இல் பிரித்தானிய மருத்துவர் காம்பல் விவரித்தார். ‘விவசாயி நுரையீரல்’ என்ற பெயரிலேயே அந்நோய் இன்று அறியப்படுகிறது. நன்கு உலர்ந்த புல், மாட்டின் வயிற்றுக்கு மட்டுமன்றி, மாட்டைப் பராமரிப்பவனின் மார்புக்கும் நல்லது.

இவையெல்லாம் உண்மை. சுழலும் உருளைக்குள் வெங்காற்றைச் செலுத்திப் புல்லை நிமிடங்களில் உலர்த்தும் யந்திரம், இலையைக் காக்கிறது, மழையை வெல்கிறது, ஆண்டு முழுவதற்கும் ஒரே தரமான தீவனத்தைத் தருகிறது. இதை மறுப்பவர் விஞ்ஞானத்தை மறுப்பவர். ஆனால், இவ்வளவையும் சொல்லி முடித்ததும் விளம்பரக்காரர் வாயை மூடிக்கொள்கிறார். நாம் பேசத் தொடங்கவேண்டிய இடம் அதுவே.

நீரை விரட்டும் வெப்பம் எங்கிருந்து வருகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 வீதம் நீர் கொண்ட பச்சைப்புல்லிலிருந்து 10 வீதம் ஈரமுள்ள ஒரு தொன் உலர்புல் வேண்டுமாயின், நான்கரைத் தொன் பச்சைப்புல்லை எடுத்து மூன்றரைத் தொன் நீரை ஆவியாக்கவேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்கக் குறைந்தபட்சம் 2.3 மெகாயூல் வெப்பம் வேண்டும். எந்த உலையிலும் இழப்பு உண்டு. ஆகவே 3 மெகாயூல் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 10,500 மெகாயூலில் வந்து நிற்கிறது. இது ஏறத்தாழ 250 கிலோகிராம் எரியெண்ணெய்க்குச் சமம். ஒரு தொன் புல்லுக்குக் கால் தொன் எண்ணெய்! புல்லைத் தின்பது மாடு. ஆனால் மாட்டுக்கு முன்னே எண்ணெயைத் தின்று தீர்க்கிறது யந்திரம்.

அதே புல்லை ஒன்றிரண்டு நாள் வயலில் வாடவிட்டு, ஈரம் 40 வீதத்துக்கு இறங்கியபின் யந்திரத்துக்குக் கொண்டுபோவோமாயின், ஒரு தொன் உலர்புல்லுக்கு ஆவியாக்கவேண்டிய நீர் அரைத் தொன் மட்டுமே. எரிபொருள் ஏழில் ஒன்றாகிறது. மிகுதி ஆறு பங்கு வேலையைச் சூரியன் கூலியின்றிச் செய்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான முறை எது என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆயினும் வரலாறு அவ்வழியே செல்லவில்லை. ஏன் செல்லவில்லை என்பதிலேதான் பாடம் இருக்கிறது.

1920களில் கேம்பிரிட்ஜில் வுட்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு உழைத்தோரும், இளம்புல்லின் புரதச் செழிப்பை ஆய்ந்து காட்டினர். உலர்த்திய இளம்புல், விலைகொடுத்து வாங்கும் பிண்ணாக்குக்கு ஈடாகலாம் என்பது புலனாயிற்று. இது விஞ்ஞானத்தின் நேர்மையான வெற்றி. அவ்வெற்றியை எவர் கைப்பற்றினர் என்று பாருங்கள். இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் இராட்சத இரசாயனக் கம்பனி, 1928 இல் ஜீலொட்ஸ் ஹில் என்னுமிடத்தில் தன் விவசாய ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. புல்வெளிக்கு நைதரசன் உரமிடுவதை ஆராய்ந்து பரப்புவது அதன் தொடக்ககால நோக்கங்களில் முதன்மையானது. 1930களில் புல் உலர்த்தும் யந்திரத்தையும் அக்கம்பனியே வடிவமைத்து முன்னின்று பரப்பியது. காரணம் வெளிப்படை. உரமிட்ட புல் செழிக்கும். செழித்த புல்லைச் சேமிக்க யந்திரம் வேண்டும். யந்திரம் வாங்கியவன் மேலும் உரம் வாங்குவான். மாட்டின் பசியைவிட உரமூட்டையின் விற்பனையே அங்கே பெரிதாக எண்ணப்பட்டது.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் பிரித்தானியாவில் புல் உலர்த்தும் நிலையங்கள் பல எழுந்தன. எண்ணெய் மலிவாக இருந்தவரை அவை சுழன்றன. 1973 இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததும், ‘நவீன விவசாயத்தின் அடையாளம்’ என்று கொண்டாடப்பட்ட அத்தொழில் தளர்ந்து சுருங்கியது.

முதலாளித்துவ நாட்டில்தான் இவ்வாறு நேர்ந்தது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சோவியத் நாட்டின் கூட்டுப்பண்ணைகளிலும் அரச பண்ணைகளிலும் ‘விற்றமின் புல்மா’ தயாரிக்கும் உருளை உலர்த்திகள் பெருந்தொகையாக நிறுவப்பட்டன. அங்கும் மலிவான எரிபொருளே அவற்றின் உயிர்மூச்சு. 1991 இன் பின் அம்மலிவு மறைந்தபோது அவையும் பெரும்பாலும் நின்றுபோயின. யந்திரம் பொதுவுடைமையாய் இருந்தால் மட்டும் போதாது. அது எதைத் தின்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். இயற்கையின் கணக்கு எந்த ஆட்சிக்கும் தள்ளுபடி தருவதில்லை.

மேற்கு ஐரோப்பாவிலோ, சந்தை கைவிட்ட யந்திரத்தை அரசாங்கங்கள் தூக்கி நிறுத்தின. தடையற்ற சந்தையின் பெருமையை உலகுக்கெல்லாம் உபதேசிக்கும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், 1970களிலிருந்தே உலர்தீவனத்துக்கு உதவிப்பணம் வழங்கிவந்தது. 1995 இன் ஒழுங்குவிதி ஒரு பாடப்புத்தகத்திற் சேர்க்கத்தக்கது. யந்திரத்தில் உலர்த்திய ஒரு தொன் தீவனத்துக்கு 68.83 எக்கு உதவிப்பணம். வெயிலில் உலர்த்திய ஒரு தொன்னுக்கு 38.64 எக்கு. (எக்கு என்பது யூரோவுக்கு முந்திய ஐரோப்பிய நாணய அலகு.) எண்ணெயை எரித்தவனுக்கு ஏறக்குறைய இருமடங்கு சன்மானம், சூரியனை நம்பியவனுக்குப் பாதி! உதவிக்குரிய உச்ச அளவும் அவ்வாறே வகுக்கப்பட்டது. யந்திரப்புல்லுக்கு 44 இலட்சம் தொன்னுக்கு மேல். வெயிற்புல்லுக்கு நாலரை இலட்சம் தொன் தானும் இல்லை. இவ்வெண்களைப் பெருக்கிப் பார்த்தால், யந்திரப்புல்லுக்காக ஆண்டுதோறும் 30 கோடி எக்கு வரை பொதுப்பணத்திலிருந்து செல்ல வழி திறந்திருந்தது. அப்பணம் நேராகச் சென்றது பதனிடும் ஆலைகளுக்கு.

இந்த அநீதி எக்காலமும் நிலைக்கவில்லை. 2003 இன் சீர்திருத்தம் இருவகைக்கும் 33 யூரோ என்ற ஒரே வீதத்தைக் கொண்டுவந்தது. 2012 இல் அதுவும் உற்பத்தியிலிருந்து பிரிக்கப்பட்டது. சூரியனுக்கும் உலைக்கும் சமநீதி கிடைக்க இத்தனை ஆண்டு சென்றது. ஆனால் அதற்குள் ஆலைகள் எழுந்துவிட்டன. அவற்றைச் சுற்றி வயல்களும் வழங்கற் பாதைகளும் வியாபாரத் தொடர்புகளும் வேரூன்றிவிட்டன.

அவ்வேர் மிக ஆழமாக இறங்கிய இடம் ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுப்படுகை. ஐரோப்பாவில் யந்திரத்தால் உலர்த்திய குதிரைமசாலை மிகுதியாக உற்பத்தி செய்யும் நாடு ஸ்பெயின். அதன் உள்ளே அரகோன் மாநிலமும் கத்தலோனியாவின் யெய்டா வட்டாரமும் முன்னிற்கின்றன. அங்குள்ள மக்கள் சோம்பேறிகளுமல்லர், அறிவிலிகளுமல்லர். பயிரை வயலில் வாடவிட்டுப் பின்னர் ஆலைக்கு அனுப்பும் சிக்கன முறையை அவர்கள் கையாளுகின்றனர். ஆலைகளிற் சில விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே சொந்தமானவை. ஆயினும் உலை எரிவது பெரும்பாலும் இயற்கை வாயுவில். 2022 இல் உக்ரேன் யுத்தம் வாயுவின் விலையை வானத்துக்கு ஏற்றியபோது, புல்லின் விலை எவர் கையில் இருக்கிறது என்பது அவ்விவசாயிகளுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

அப்புல் எங்கே போகிறது? பெரும் பங்கு கப்பலேறி ஐக்கிய அரபு இராச்சியத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் சீனாவுக்கும் போகிறது. ஆசியாவிலிருந்து பண்டங்களைச் சுமந்துவந்த கொள்கலன்கள் வெறுமையாகத் திரும்புவதற்குப் பதிலாக, இறுக்கி நசுக்கிய புற்கட்டுகளைச் சுமந்து செல்கின்றன. இங்கேதான் உலர்த்தும் யந்திரத்தின் உண்மையான பொருளாதாரப் பணி வெளிப்படுகிறது. பச்சைப்புல் அடுத்த கிராமத்துக்குக்கூடப் போகாது, கனமானது, அழுகிவிடுவது. யந்திரம் அதன் நீரை எடுத்ததும், அது எடை குறைந்து, தரம் பிரிக்கப்பட்டு, எந்தக் கண்டத்துக்கும் விற்கத்தக்க பண்டமாகிறது. விவசாயியின் மாட்டுக்கு உணவாயிருந்த பொருள், வியாபாரியின் பேரேட்டில் ஒரு வரியாகிறது.

கப்பலேறுவது புல் மட்டுமா? 1910களில் அமெரிக்காவின் கொலராடோவில் பிறிக்ஸ், ஷாண்ட்ஸ் என்னும் இருவர், பயிர்கள் குடிக்கும் நீரை அளந்து பார்த்தனர். குதிரைமசால் ஒரு பங்கு உலர்பொருளை ஆக்குவதற்கு எண்ணூறு பங்குக்கு மேல் நீரை உறிஞ்சியதாக அவர்கள் கண்டனர். மண்ணும் காலநிலையும் மாறினால் இவ்வெண்ணும் மாறும். ஆயினும் ஒரு தொன் உலர்புல்லுக்குப் பின்னால் நிற்பது நூற்றுக்கணக்கான தொன் நீர் என்பதில் ஐயமில்லை. ஆலை விரட்டியது மூன்றரைத் தொன் நீரை; அதுவும் வாடாத புல்லில். ‘உலர்ந்த புல்’ என்று நாம் பெயரிட்டு அழைக்கும் அப்பொருள், ஓர் ஆற்றின் கிளையையே தன்னுள் அடக்கிக்கொண்டு துறைமுகத்தைக் கடக்கிறது. சுங்க அதிகாரி அதைக் காண்பதில்லை; விலைச்சீட்டிலும் அது இல்லை.

அந்நீர் ஓர் ஆண்டு இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை 2023 காட்டியது. யெய்டா வட்டாரத்தின் நூற்றாண்டு கடந்த உர்ஜெல் கால்வாயில், கொடிய வரட்சியால் ஏப்ரல் இறுதியிலேயே பாசனம் நிறுத்தப்பட்டது. பயிரைக் காப்பதா, பழமரத்தின் உயிரை மட்டுமேனும் காப்பதா என்று விவசாயிகள் கலங்கினர். அணைநீர் வற்றும்போது முதலில் வாடுவது சிறு விவசாயியின் வயல். வாங்குவோருக்கோ உலகில் வேறு வயல்கள் உண்டு.

வாங்குவோரின் கதையையும் அறிவது அவசியம். சவூதி அரேபியா பல ஆண்டுகளாகப் பாலைவனத்தின் அடியில் கிடந்த தொன்மையான நீரை இறைத்துக் கோதுமையும் தீவனமும் பயிரிட்டது. அந்நீர் மீண்டும் ஊறுவதில்லை. அது குறையக் கண்டதும், பசுந்தீவனப் பயிர்ச்செய்கையை மூன்றாண்டுகளில் நிறுத்துவதென 2015 இல் அரசாங்கம் தீர்மானித்தது. அபுதாபியும் 2010 இலேயே ரோட்ஸ் புல்லுக்கு அளித்த உதவியை நிறுத்தியிருந்தது. தம் நீரைக் காப்பது அவர்களின் உரிமை. ஆனால் மாடுகள் குறையவில்லை. பெரும் பாற்பண்ணைகள் மூடப்படவில்லை. தாகம் இடம் மாறியது, அவ்வளவே.

அது மாறிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா. சவூதியின் அல்மராய் என்னும் பாற்கம்பனியின் துணைக் கம்பனியான ஃபொண்டொமொண்டே, 2014 இல் அங்கே ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலத்தை வாங்கியது. அதோடு அரச நிலத்தையும் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 25 டொலர் என்ற விலைக்குக் குத்தகையாகப் பெற்றது. இறைத்த நிலத்தடி நீருக்கோ தனி விலை எதுவுமில்லை. அயலூர் மக்கள் நெடுநாள் குரலெழுப்பிய பின்னர், 2023 ஒக்டோபரில் மாநில ஆளுநர் ஒரு குத்தகையை இரத்துச் செய்தார். மற்றவை புதுப்பிக்கப்படா என்றும் அறிவித்தார். அந்தப் பாலைநிலத்தில் உலையே தேவையில்லை. வெயிலே புல்லை உலர்த்திவிடுகிறது. அப்படியிருந்தும் அதே கொள்ளை! ஆகவே குற்றத்தை யந்திரத்தின் மீது மட்டும் சுமத்துவது தவறு. நீரை விலையற்றதாகவும் புல்லை எல்லையற்ற பண்டமாகவும் கருதும் உற்பத்தி முறையே முதற்குற்றவாளி. யந்திரம் அதற்குக் கைகொடுக்கும் இடத்தில் அதன் வேகத்தைப் பெருக்குகிறது.

“அப்படியானால் உலர்த்தியை உடைத்தெறியச் சொல்கிறீர்களா?” என்று நம்மைக் கேட்பார்கள். இல்லை. மழையில் அழுகும் புல்லைக் கண்டு ‘இயற்கையின் எளிமை’ என்று பாடும் கற்பனைவாதிகளோடு நமக்கு உறவில்லை. அழுகிய புல்லின் பூஞ்சணத்தைச் சுவாசிப்பவன் கவிஞனல்லன், கூலியாள்.

மாற்று வழி கண்முன்னே இருக்கிறது. ஆஸ்திரியாவின் மலைப்பகுதிகளில், புளிக்கவைத்த தீவனம் கொடாமல் பசும்புல்லும் உலர்புல்லும் ஊட்டிப் பெறும் ‘உலர்புற் பால்’ 2016 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மரபுத்தயாரிப்புப் பதிவைப் பெற்றது. அத்தகைய மலைநாட்டுப் பண்ணைகள் பலவற்றில், பாதி வாடிய புல்லைக் களஞ்சியத்திற் பரப்பி, கூரையின் கீழே வெயிலால் சூடேறும் காற்றை மின்விசிறியால் அதனூடே செலுத்துகின்றனர். உலையின் பேயுருவம் அங்கில்லை. இலையும் உதிர்வதில்லை, எண்ணெயும் ஆறாய் ஓடுவதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை சிறிய குடும்பப் பண்ணைகள். தரமான உலர்புல் பெரும் பண்ணைக்கு மட்டுமே கைகூடும் என்ற பேச்சு இங்கே பொய்த்துப்போகிறது.

எனவே நாம் கோருவது மூன்று. சூரியன் செய்யக்கூடிய வேலைக்கு எண்ணெயை எரிப்பவனுக்குப் பொதுப்பணத்திலிருந்து ஒரு சதமும் கொடுக்கலாகாது. உலர்த்தி தேவைப்படும் இடங்களில் அது அயல் விவசாயிகளின் கூட்டுடைமையாய் இருக்கவேண்டும். எந்த ஆற்றுப்படுகையிலிருந்து எவ்வளவு நீர் புல்லாய் வெளியேறுகிறது என்பது பகிரங்கமாகக் கணக்கிடப்பட்டு, வரட்சிக் காலத்தில் அவ்வூர் மக்களின் குடிநீருக்கும் உணவுப் பயிருக்கும் அடுத்ததாகவே ஏற்றுமதிப்புல் வைக்கப்படவேண்டும்.

இலையை வெங்காற்றால் உலர்த்தும் யந்திரம் நம் நாட்டுக்குப் புதிதன்று. மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் அது நூறாண்டுக்கு மேலாகச் சுழல்கிறது. அது சுழன்றதால் இலை கெடாமல் இலண்டன் சந்தைக்குப் போயிற்று. இலங்கைத் தேயிலையின் தரம் உலகெங்கும் பேசப்பட்டது. அப்புகழ் ஓங்கி நின்ற காலத்திலேதான், 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவ்விலையைப் பறித்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உலர்த்தி அவர்களின் கூலியை உயர்த்தவில்லை. லயத்தின் கூரையை மாற்றவில்லை. பெற்றவை சிலவும் சங்கங் கட்டிப் போராடிப் பெற்றவையே. பண்டத்தின் தரம் உயர்வதும் மனிதனின் வாழ்வு உயர்வதும் ஒன்றே என்று எவரேனும் சொன்னால், அவரை மலையகத்துக்கு அழைத்துப் போவோம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்லவிரும்புவது இதுவே. விவசாய விஞ்ஞானப் பாடத்தில் உலர்த்தியின் படத்தை வரைவதோடு நின்றுவிடாதீர்கள். அதனருகே ஒரு கணக்கையும் எழுதுங்கள்: எரிந்த எண்ணெய் எவ்வளவு, குடித்த நீர் எவ்வளவு, கொடுத்த பொதுப்பணம் எவ்வளவு, உழைத்தவனுக்குக் கிடைத்தது எவ்வளவு. இந்நான்கையும் மறைத்துவிட்டு ‘உயர்தரம்’ என்று மட்டும் முழங்குபவரிடம் பேரேட்டைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். நீர் வற்றிய கால்வாயின் கரையில் நிற்கும் விவசாயிக்கு அக்கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. அவனோடு சேர்ந்து கேட்பது நம் கடமை.